குகை ஓவியங்களின் அர்த்தத்தை ஏன் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை?

தொல்பழங்கால ஓவியம் என்பது எழுத்து பிறப்பதற்கு முன் மனிதர்கள் பாறையில் வரைந்தது, கீறியது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் செங்காவியில் தீட்டிய உருவங்களை இன்றும் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால் படம் இருக்கிறது, வரைந்தவர் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்து முனைச் சுவரில் கரித்துண்டால் இழுத்த மூன்று கோடுகள். சுற்றிலும் டென்னிஸ் பந்து பட்ட வட்ட வட்ட அழுக்கு. ஸ்டம்ப்தான், நமக்குச் சொல்லவே வேண்டாம். கிரிக்கெட்டே மறந்துபோன காலத்தில் ஒருவர் பார்த்தால் 'மும்மூர்த்தி வழிபாடு' என்று எழுதிவிடுவார். (படிக்க நன்றாகவும் இருக்கும், அதுதான் வம்பு.)

'வேட்டை பலிக்க வரைந்தார்கள்' என்பதும் அப்படியொரு ஊகமே. பிரான்சில் 1940இல் கண்டுபிடித்த லாஸ்கோ குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானுடையவை. சுவரிலோ குதிரைகள்தான் அதிகம், பனிமான் ஒன்றே ஒன்று. தின்றது ஒன்று, தீட்டியது வேறு!

அதற்காக யார் என்ன சொன்னாலும் சரி என்று நினைத்துவிடாதீர்கள்: எந்தக் கோட்டின் மேல் எந்தக் கோடு, சாயம் எதில் செய்தது, கரியாக இருந்தால் எத்தனை வயது என்பதையெல்லாம் சோதித்துச் சொல்லலாம், அதோடு மோதும் விளக்கம் நிற்காது.