மாரி மழையும் மூடாத வாகனமும்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும் மாரி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வந்துவிட்டது. இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, கூரை இல்லாத வாகனங்களையும் பொனற்றில் காற்றுத் துவாரம் வெட்டிய வாகனங்களையும் பற்றியவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, பழைய மொறிஸ் மைனர் காரொன்றை, பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைக்கும் அமெரிக்க ‘ஹொட் றொட்’ பாணியில் மாற்றியிருக்கிறேன். என்ஜின் சூடு தணிய பொனற்றில் இரு வரிசையாக லூவர், அதாவது சாய்வான காற்றுத் துவாரங்கள், வெட்டுவித்தேன். கோடையில் ஒரு குறையும் இருக்கவில்லை. சென்ற வாரம் பெருமழையில் கல்லடிப் பாலத்து நெரிசலில் கார் நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து, ஒன்றும் செய்யாமலே ஸ்ராட் ஆனது. லூவரை அடைத்துவிடலாமா?
வாசகர், கல்லடி

அடைக்க வேண்டாம். அடைத்தால் அடுத்த பங்குனியில் என்ஜின் கொதிக்கும். அப்போது வேறொரு கடிதம் எழுதுவீர்கள். லூவரின் வாய் பின்பக்கம் பார்த்து வெட்டப்படுவதாலும், றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்று அவ்வழியாகவே வெளியேறுவதாலும், கார் ஓடிக்கொண்டிருக்கும் வரை மழைநீர் அதனூடாகப் பெரிதாக உள்ளே வருவதில்லை. கார் நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும்தான் அது நேரே சொட்டுகிறது. சொட்டும் இடத்தில் டிஸ்றிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறையே பகிர்ந்தளிக்கும் கருவியின்) மூடியோ பிளக் வயரோ இருந்தால், மின்னழுத்தத்தைக் கூட்டும் கொயிலிலிருந்து வரும் 15,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈர அழுக்கின் வழியே என்ஜின் இரும்புக்குப் பாய்ந்துவிடும். அரை மணி நேரத்தில் என்ஜின் சூடே ஈரத்தை உலர்த்தியது, கார் கிளம்பியது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்துக்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை.

மின்சாரம் எங்கே கசிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, காரை வெளியிலோ கதவு திறந்த கொட்டிலிலோ வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் பிளக் வயர்கள் மீதும் டிஸ்றிபியூட்டர் மூடி மீதும் புகைபோல் தண்ணீர் தெளியுங்கள். கசிவுள்ள இடத்தில் நீல நிறத்தில் மெல்லிய நூல் துடிப்பது தெரியும். சிறு சடசடப்பும் கேட்கும். அந்த நேரத்தில் எதையும் கையால் தொடக் கூடாது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போன்ற கருங்கோடு இருந்தால் அது மின்சாரம் எரித்துப் போட்ட பாதை. அதைச் சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். வெடித்த வயர்களையும் மாற்றுங்கள்.

அதன் பிறகு ஓர் எளிய வேலை இருக்கிறது. 1959இல் பிரித்தானியாவில் வெளிவந்த மினி காரில் என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டதால் டிஸ்றிபியூட்டர் முன் கிறில்லுக்கு நேர் பின்னால் அமைந்தது. மழையில் அடிக்கடி நின்றது. அங்குள்ளவர்கள் பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டினார்கள். 1952க்குப் பின் வந்த மொறிஸ் மைனர்களில் இருப்பதும் அதே ஏ வரிசை என்ஜின்தான். நான்கு பிளக் வயர்கள், கொயிலிலிருந்து வரும் வயர் ஒன்று, ஆக ஐந்து. கையுறைக்கும் விரல் ஐந்து. விரல் நுனிகளைச் சிறிதாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு வயரை இறுக்கமாக நுழைத்து, மணிக்கட்டுப் பக்கத்தை டிஸ்றிபியூட்டரின் கீழ்வரை இழுத்து விடுங்கள். கீழ்ப்பக்கத்தை நூலால் கட்டக் கூடாது. கட்டினால் உள்ளே வியர்த்து, மழையில்லாத நாளிலும் கார் நிற்கும்.

மூன்றாவது வேலை தகரக்காரருக்குரியது. டிஸ்றிபியூட்டருக்கு மேலே உள்ள லூவர் வரிசையின் அடியில், இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, ஓரங்கள் மடித்த மெல்லிய அலுமினியத் தட்டொன்றைப் பின்பக்கம் சரிவாகத் தொங்கவிட்டு, அதன் தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு இறப்பர்க் குழாயை மட்காட்டின் உட்புறமாகக் கீழே இறக்குங்கள். சூடு தட்டின் பக்கங்களால் ஏறி லூவர் வழியே போகும், தண்ணீர் குழாயால் இறங்கும். குழாயின் நுனி பிரேக் டிரம்முக்கு மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று இருக்கிறது. சாகாமத்து வயலுக்குப் போய்வர அதுவே உதவுகிறது. படங்குக் கூரையைப் போட்டால் பின்னால் ஒன்றும் தெரிவதில்லை என்பதால் கழற்றியே வைத்திருக்கிறேன். வேகமாக ஓட்டினால் நனைய மாட்டோம் என்கிறார் என் மச்சான். உண்மையா?
வாசகர், அக்கரைப்பற்று

மச்சான் சொல்வதில் பாதி உண்மை. பெருமழைத் துளியொன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர், அதாவது மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் விழுகிறது. நீங்களும் அதே வேகத்தில் ஓட்டினால் மழை உங்களுக்குச் சரிபாதிச் சரிவில் வருவதாகத் தோன்றும். 50இல் ஓட்டினால் இன்னும் படுத்து வரும். அப்படி வரும் மழையை முன்கண்ணாடி தாங்கிக்கொள்ளும்; அதன் மேல்விளிம்பைத் தாண்டுவது முன்னாசனக்காரரின் தலைக்கு மேலால் போய்விடும். எங்கே போகும்? பின்னால் இருப்பவரின் மடிக்கு. மச்சான் எப்போதும் முன்னாலேதான் இருப்பார் போலும்.

மற்றப் பாதி ரயரில் இருக்கிறது. தேங்கிய நீரில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ரயர் தார் வீதியைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்ரியறிங்கும் பிரேக்கும் பெயரளவில்தான் இருக்கும். விமானச் சக்கரங்களை ஆராய்ந்து நாசா 1960களில் தந்த கணக்கின்படி அந்த வேகம் ரயரின் காற்றழுத்தத்தோடு கூடிக் குறைகிறது. சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் காற்றுள்ள ரயர் மணிக்கு சுமார் 83 கிலோமீற்றரில் மிதக்கும். வயலுக்குப் போகவென்று காற்றை 16 இறாத்தலுக்கு இறக்கியிருந்தால் சுமார் 67இலேயே மிதக்கும். பட்டன் தேய்ந்த ரயருக்கு அதற்கும் முன்பே ஆபத்துண்டு. ஆகவே வயலிலிருந்து ஏறியதும் காற்றை நிரப்புங்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் போகும் நேர் வீதியில், சக்கரத் தடங்களில் தண்ணீர் நிற்கும் நாளில், 50ஐத் தாண்டாதீர்கள். ஜீப்பின் ஒடுங்கிய ரயர் தண்ணீரைக் கிழித்துப் போகக்கூடியது என்பது உங்களுக்கு ஓர் ஆறுதல். ஹொட் றொட் பிரியர்கள் பின்சக்கரத்துக்குப் போடும் அகன்ற ரயருக்கு அந்தக் குணம் குறைவு.

வைப்பரைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஜீப்புகள் பலவற்றில் வைப்பர் என்ஜினின் உறிஞ்சு காற்றால் இயங்குகிறது. அக்சிலறேற்றரை முழுதாக மிதிக்கும்போது அந்த உறிஞ்சல் இல்லாமற்போவதால், லொறியொன்றை முந்தப் போகும் அதே கணத்தில் வைப்பர் அசையாது நின்றுவிடும். மின் மோட்டார் பூட்டுவிப்பதே நல்லது. அதுவரை, ஈரக் கண்ணாடியில் புகையிலைத் துண்டைத் தேய்க்கும் சாரதிகளின் பழைய கைமுறை உதவும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவி வழியும், பார்வை தெளியும்.

ஜீப்பின் தரையில் தண்ணீர் வடிவதற்கென்றே துவாரங்களும் அவற்றுக்கு அடைப்புகளும் உண்டு. மழையில் அடைப்பைக் கழற்றி விடுங்கள். கறலுக்குப் பயந்து அவற்றை வெல்டிங் செய்து மூடிய ஜீப்புகளை நான் பல முறை பார்த்திருக்கிறேன். குளியல் தொட்டிபோல் நிறைந்திருக்கும், தரைதான் முதலில் உக்கிப்போகும்.

கிட்டங்கித் தாம்போதியின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் பாய்கிறது. மேற்கூரையும் கதவும் இல்லாத ஜீப்பைத் தண்ணீர் தூக்காது, போகலாம் என்கிறார்கள். போகலாமா?
வாசகர், நாவிதன்வெளி

போகக் கூடாது. திறந்த ஜீப் மூடிய காரைப்போல் மிதக்காது என்பது ஓரளவு சரி. ஆனால் பாயும் தண்ணீர் வாகனத்தைத் தூக்கத்தான் வேண்டும் என்றில்லை, பக்கவாட்டில் தள்ளினாலே போதும். கலங்கிய நீருக்கு அடியில் தாம்போதியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜீப்பைவிடப் பாரமான வாகனம் அது.

பாயாமல் தேங்கி நிற்கும் நீர், அதுவும் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கீழே நிற்குமானால், முதலாம் கியரில் ஒரே சீராக ஊர்ந்து கடக்கலாம். தண்ணீர் காற்றாடியை எட்டுமென்று தோன்றினால் பெல்ற்றைக் கழற்றிவிடுவது பழைய சாரதிகளின் வழக்கம். சுழலும் காற்றாடி தண்ணீரை வாரி டிஸ்றிபியூட்டர் மேல் இறைப்பதை அது தடுக்கும். குறுகிய தூரத்துக்குத்தான் அது சரி. கரையேறியதும் பெல்ற்றை மாட்டுங்கள். பிறகு இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி நூறு, இருநூறு மீற்றர் ஓட்டுங்கள். டிரம்முக்குள் புகுந்த நீர் அந்தச் சூட்டில்தான் உலரும். அதுவரை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வாகனத்தை இழுக்கும்.

கனடாவில் இருக்கும் என் அண்ணா 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் காரொன்றை ஹொட் றொட் ஆக்கி வைத்திருக்கிறார். என்ஜினுக்கு மூடியே இல்லை. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் குழாய்கள் வானம் பார்த்து நிற்கின்றன. மழை என்றால் காரை வெளியே எடுக்கவே மாட்டார். அவ்வளவு பயப்பட வேண்டுமா?
வாசகி, செங்கலடி

ஓடும் காரைப் பற்றிப் பயம் வேண்டியதில்லை. காபரேட்டருக்குள் போகும் தூறலை ஓடும் என்ஜின் ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். நிறுத்திய காரில்தான் ஆபத்து. நிமிர்ந்த குழாய் வழியே இறங்கும் மழைநீர், திறந்திருக்கும் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கலாம். காற்றைப்போல் தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்ராட் செய்தால், பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்றிங் றொட் வளைந்துவிடும். நிறுத்தியதும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பால்மா ரின்னைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஃபோர்ட் நிறுவனம் 1932இல் அறிமுகப்படுத்திய பழைய வீ-8 என்ஜின்தான் அதில் இருக்குமானால், டிஸ்றிபியூட்டர் என்ஜினின் முன்முகத்தில் தாழ்வாக இருக்கும். முன்சக்கரத்துக்கு மட்காட் இல்லாத காரில் நீர் இறைபடும் இடமும் அதற்கு அண்மையில்தான். கல்லடி வாசகருக்குச் சொன்னதை அவருக்கும் அனுப்பி வையுங்கள். குளிர்காலத்தில் அவர் காரைப் பூட்டி வைப்பதற்கு மழையைவிட வலுவான காரணம் உண்டு: பனியை உருக்க அங்கே வீதியில் உப்பு கொட்டுகிறார்கள்.

சென்ற மழைக்காலம் முழுவதும் என் கூரையில்லாக் காரை நீலப் படங்கால் இறுக்கிக் கட்டி வைத்தேன். தைப்பொங்கலுக்கு அவிழ்த்தபோது முன்பு இல்லாத இடங்களிலெல்லாம் கறல். மழை ஒரு துளிகூட உள்ளே போகவில்லையே?
வாசகர், வாழைச்சேனை

மழை போகவில்லை, ஆனால் உள்ளேயிருந்த ஈரம் வெளியேறவும் இல்லை. இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் முதல் ஜீப்பை, அடிப்பக்கம் முழுவதும் பழைய என்ஜின் ஒயில் பூசிக் கொடுத்த கராஜ் ஒன்றின் சொற்கேட்டு, சேறும் கழுவாமல் பொலித்தீனால் சுற்றிக் கட்டினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது பொனற்றின் உட்புறம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசனத்தில் பச்சைப் பூஞ்சணம். ஒயில் பட்ட இறப்பர் புஷ்கள் பழுத்த பலாச்சுளைபோல் ஊதியிருந்தன. ஒயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய சேறு அப்படியே ஈரமாக இருந்தது.

படங்கைக் காரின் மேல் போர்த்தாதீர்கள். நான்கு கம்பு நட்டுப் பந்தல்போல் ஒரு முழம் உயரத்தில் கட்டுங்கள். வாடைக்காற்று வரும் பக்கத்தில் மட்டும் அதைத் தாழ்த்தி விடலாம். புல்லின் மேல் நிறுத்தாமல், சக்கரங்களுக்கு அடியில் பலகையோ கல்லோ வைத்து, காரின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். பெற்றோல் தாங்கியை நிரப்பி வைத்தால் அதன் மேற்பகுதியில் நீர் வியர்ப்பது குறையும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் நமக்கு உப்புக்காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. ஆகவே கட்டிவைக்குமுன் அடிப்பக்கத்தையும் மட்காட்டின் உள்மடிப்புகளையும் நன்னீரால் நன்றாகக் கழுவுங்கள். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில் காரை எடுத்துப் பத்துக் கிலோமீற்றராவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது உதவாது. சைலன்சருக்குள் சேரும் நீராவி வெளியேறுமளவுக்கு அது சூடாவதில்லை.

கதவுகளின் அடிவிளிம்பிலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகரத்திலும் நீர் வடிவதற்கான சிறு துவாரங்கள் இருக்கும். அவற்றை ஆணியால் குத்தினால் பெயின்ற் உரிந்து அங்கேயே கறல் தொடங்கும். தென்னை ஈர்க்கொன்றை எடுத்து மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். முதலில் கரிய சேறு வரும். பிறகு, பல மாதங்களாக உள்ளே நின்ற தண்ணீர் உங்கள் மணிக்கட்டு வழியே ஓடும்.