பூநாரை எத்தனை வருஷம் வாழும்?

கேள்வி: திருப்போரூர் பக்கம் எங்களுக்குத் தோட்டமும் குளமும் இருக்கின்றன. ஒரு ஜோடி பூநாரை தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். 'எண்பது வயசு வரைக்கும் இருக்கும் சார், பேப்பர் எல்லாம் பக்கா' என்கிறார். நம்பலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: எண்பது வயது பொய்யில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் 2014இல் இறந்த 'பெரிய பூநாரை' (Greater Flamingo) இனப் பறவைக்குக் குறைந்தது 83 வயது. அதைக் காட்டி உங்களிடம் விலை பேசுவது, தாத்தா சதம் அடித்தார் என்று சொல்லிப் பேரனுக்குப் பெண் கேட்பது மாதிரி. இயற்கையில் முப்பது, நாற்பது வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரே முட்டை. குஞ்சுப் பருவம்தான் கண்டம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் நீண்ட ஆயுள்.

உங்கள் குளத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடும். நுண்பாசியும் பொடி இறாலும் வேண்டும். அந்த ரோஸ் நிறமே அதிலிருந்து வருவதுதான். கோழித்தீவனம் போட்டால் வெளுத்துவிடும். சிமென்ட் தரையில் நின்றால் உள்ளங்கால் வெடித்துப் புண்ணாகும்.

அப்புறம் அந்தப் 'பேப்பர்'. பெரிய பூநாரை பழவேற்காட்டுக்கும் பள்ளிக்கரணைக்கும் வருகிற நம் பறவை. வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். உடனே புரோக்கர், 'இது கரீபியன் சார்' என்பார். வெளிநாட்டு இனத்துக்கு வழி உண்டு, உண்மைதான். ஆனால் முறையாக இறக்குமதியான ஆவணம் வேண்டும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் வேண்டும். பதிவு ரசீதை மட்டும் நீட்டினால் அது இறக்குமதி உரிமம் ஆகாது. இன்னொன்று: இளம்பறவை இரண்டு மூன்று வருஷம் சாம்பல் நிறமாகவே இருக்கும், எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியாது. இளசாகவே தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

வெளியே இருக்கும் பறவைக்கு மட்டும் நிம்மதியா? இரவில் பறக்கும்போது மின்கம்பி. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படிந்து கூழைக்கடாக்கள் தவித்ததைப் பார்த்தோம். பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் பட்டம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற அங்கீகாரம், கொடுத்தார்கள். எல்லை எது என்ற பஞ்சாயத்து நீதிமன்றம் வரை போனது. பட்டம் கொடுப்பதற்கு முன் கல்லை நட்டிருக்கலாம்.

சரி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? திரும்ப வருவது சந்தேகம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வனத்துறையிடம் கொடுங்கள். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகமும் சென்னையிலேயே இருக்கிறது.