மன்னிக்கச் சொல்லும் அவசரம்

அன்புள்ள ஐயா,

இனத்தால் பிரிந்து, ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழும் இரு சமூகத்தினரை ஒரே அவையில் அமர்த்த நண்பர்கள் சிலர் முயல்கிறோம். பழைய காயங்களைக் கிளறாமல், மனித உரிமை என்ற பொதுத்தளத்திலிருந்து தொடங்க நினைக்கிறோம். முதல் கூட்டத்தில் பேச யாரை அழைக்கலாம்? கலைநிகழ்ச்சி உதவுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் பொறுப்பை நீங்களாகவே தோளில் ஏற்றிக்கொண்டதற்காக உங்களை மனதார வாழ்த்துகிறேன். கலைநிகழ்ச்சி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் 'பழைய காயங்களைக் கிளறாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது பழையதாகிவிட்டது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? காயம்பட்டவர் சொல்ல வேண்டியதை, கூட்டம் நடத்துபவர் சொல்வது பெருந்தவறு.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். இளம் வயதில் நாங்கள் நடத்திய ஒரு நல்லிணக்கக் கூட்டத்தில், கலவரத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவரை மேடையேற்றி, மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். நெடுநேரம் பேசாமல் நின்றவர், "என்னிடம் இன்னும் யாருமே மன்னிப்புக் கேட்கவில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சில வாரங்களாகத் நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரிக்க அமைந்த தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தைப் பற்றிப் படித்துவருவதால் அந்தக் குரல் மீண்டும் கேட்கிறது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996 ஏப்ரலில் அந்நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் அதன் பொது விசாரணை தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் நிறவெறி அரசு இல்லையென்று மறுத்த துயரங்களை, மக்கள் தங்கள் தாய்மொழியில் சொல்ல, அரசு அமைத்த ஓர் அவை அமர்ந்து கேட்டது. 21,000-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்கள் பதிவாயின. அந்தக் கேட்டலை நான் வணங்குகிறேன்.

ஆனால் அதே ஆணையத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவர் பொதுமன்னிப்புப் பெறலாம்; அவர் வருந்த வேண்டும் என்று சட்டம் கோரவில்லை. கிடைத்தவர்களுக்கு அந்த மன்னிப்பு உடனே நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கோ, ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையம் 1998-இல் பரிந்துரைத்தும், அரசு 2003-இல்தான் ஒருவருக்கு ஒரேமுறை 30,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று அறிவித்தது. தாக்கியவருக்கு விடுதலை கைமேல் கிடைக்க, தாக்கப்பட்டவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் என்றால், இணக்கத்தின் செலவை யார் ஏற்றார்கள்? நிலமும் வேலையும் கல்வியும் பறிபோன மனிதரிடம் போய் முதலில் பெருந்தன்மையைக் கேட்பது மனித உரிமையாகாது, நண்பரே. அவரிடமிருந்து இன்னும் ஒன்றைப் பறிப்பதாகும்.

ஆகவே சொற்பொழிவாளர் எவரையும் அழைக்காதீர்கள். இழந்தவர்கள் பேசட்டும், எதிரே அமர்ந்திருப்பவர்கள் அன்று மறுமொழி சொல்லாமல் கேட்கட்டும். சொன்னவை அனைத்தையும் ஒருவர் எழுதி, சொன்னவருக்கே படித்துக்காட்டி, அவர் திருத்தச் சொன்னதைத் திருத்த வேண்டும். நாள் முடிவானதும் தெரிவியுங்கள். எழுதும் அந்த வேலையை நான் செய்து தருகிறேன்.