பந்தல் துணியில் தேங்கிய 100 கிலோ

கேள்வி: ஐயா, பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கிச் சரி செய்து வைத்திருக்கிறேன். பக்கச் சுவரில் இருக்கும் அலுமினியச் சட்டத்தில் துணியின் விளிம்பைச் செருகி, முன்னால் இரண்டு கம்பு நிறுத்திப் பந்தல் போடுகிறோம். துணி இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். போன மாதம் தெலுக் பாத்தேக் கடற்கரையில் சாயங்கால மழையில் துணி நடுவில் தொட்டி மாதிரி தொங்கி, ஒரு கம்பு வளைந்தே போனது. தடித்த இரும்புக் கம்பாக மாற்றிவிடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் தம்பி, அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துணி 5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கிலோ. நம் பக்கத்துச் சாயங்கால மழை 20 மில்லிமீட்டர் கொட்டி அத்தனையும் துணியிலேயே நின்றால் 100 கிலோ, தோட்டத்தில் தூக்குகிறோமே 50 கிலோ உர மூட்டை, அதில் இரண்டைத் தூக்கிப் பந்தல்மேல் வைத்த கணக்கு. கம்பு வளையாமல் நின்றிருந்தால் அந்தப் பாரம் சுவருக்குப் போய், மெல்லிய தகட்டில் அடித்த ரிவெட்டைப் பிடுங்கியிருக்கும், அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போகும். கம்பு வளைந்ததே நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை நிற்க விடக் கூடாது, அவ்வளவுதான். சுவர் பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு சாணாவது தாழ்ந்திருக்கட்டும், அதிலும் கதவுக்குத் தள்ளி இருக்கும் மூலையை இன்னும் ஒரு முழம் இறக்குங்கள். பார்க்கக் கோணலாக இருக்கும், பரவாயில்லை. எங்கள் பந்தலில் அப்படி இறக்கிய பிறகு மழைத் தண்ணீர் அந்த ஒரு மூலையில் கயிறு பிடித்த மாதிரி ஒழுகியது, கீழே வாளி வைத்துப் பாத்திரம் கழுவினோம். சுவருக்கும் முன்விளிம்புக்கும் நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றும் கொடுங்கள், அதன் முனையில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிட்டால் துணி கிழியாது.

அப்புறம் கயிறு. கம்பு துணியை மேலே தூக்கிப் பிடிக்கும், காற்றில் அது ஆடாமல் நிறுத்துவது கயிறுதான், அதனால் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு கயிறு வேண்டும், ஒன்று முன்னால், ஒன்று பக்கவாட்டில், தரையோடு 45 டிகிரி சாய்வில். முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கடற்கரை மணலில் முளை பிடிக்காது, ஒரு பையில் மணலை நிரப்பி நடுவில் கயிறு கட்டி முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும், மழை விட்டதும் ஒரு சுற்று போய் இழுத்துக் கட்டுங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்: மே முதல் செப்டம்பர் வரை மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ரா காற்று அடிக்கும், பெரும்பாலும் விடியற்காலையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் வரும். எத்தனை கயிறு கட்டினாலும் அதற்குத் தாங்காது. படுக்கப் போகும்முன் துணியைச் சுருட்டிவிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். ஈரத்தோடு சுருட்டினால் வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளிலேயே கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். கித்தா (ரப்பர்) மரத்தடியில் பந்தல் போடாதீர்கள், காற்றுக்குக் கிளை முறியும். டுரியான் மரத்தடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: துணி வாங்க வசதியில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் போதுமா?
– வாசகி, தாப்பா

பதில்: போதும்மா, இரண்டு மூன்று பயணத்துக்குத் தாராளமாக வரும். ஆனால் ஓரத்தில் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டாதீர்கள், காற்று ஓங்கி அடித்தால் முதலில் அதுதான் பிய்த்துக்கொண்டு வரும். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கித்தா கொட்டையை வைத்து மேலிருந்து பொட்டலம் மாதிரி பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்குங்கள். கொட்டை வழவழப்பாக இருப்பதால் தார்ப்பாய் அறுபடாது, உருண்டையாக இருப்பதால் கயிறும் நழுவாது.