டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர்: ஹீட்டர் கோர் கேள்வி-பதில்

பழைய கார் வைத்திருப்பவர்களின் ஹீட்டர் கேள்விகள் நிறையவே சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

காருக்குள் இனிப்பான ஒரு வாடை. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவினாற்போல் படலம். கார்ப்பெட்டும் ஈரம். ஹீட்டர் கோர் போய்விட்டதா?

மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அதுதான். ஹீட்டர் கோர் என்பது கைக்கு அடக்கமான ஒரு ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதற்குள் ஓடும், புளோயர் அதன் மீது காற்றை அடிக்கும். எங்காவது கசிந்தால் கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் போய் ஒட்டும். துணியால் துடைத்தால் இழுபடுமே தவிரப் போகாது.

ஆனாலும் கார்ப்பெட் ஈரத்தை மட்டும் நம்பி டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள். வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் துவாரம் இலைதழையால் அடைத்திருந்தாலும் இதே இடம்தான் நனையும். ஒரு வெள்ளைத் தாளை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். தாளில் நிறம் ஏறி, விரலில் பிசுபிசுத்தால் கூலன்ட். இல்லையென்றால் மழைத் தண்ணீர். சந்தேகம் தீரவில்லையா? இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றிப் 15 நிமிடம் பாருங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் சொட்டவில்லை என்றால் உள்ளேதான் கசிவு.

நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். நாயும் பூனையும் வந்து நக்கிவிடலாம் என்பதால், வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விட்டுப் போகாதீர்கள்.

கசிவு எதுவும் இல்லை. ஆனால் ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. கோரை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலுக்குள் (இன்ஜின் அறைக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு) நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சுட்டால் கோர் நன்றாக இருக்கிறது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தகடோ அதன் கேபிளோதான் சிக்கியிருக்கும். ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் கோரில் அடைப்பு, இல்லை ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சுடாவிட்டால் முதலில் கூலன்ட் அளவையும், சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

அடைப்பு என்றால், கூலன்டை வடித்துவிட்டு இரண்டு ஹோஸையும் கழற்றி, வழக்கமாகக் கூலன்ட் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் விடுங்கள். மெதுவாக! தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்தால் நாற்பது ஐம்பது வருடப் பித்தளை தாங்காது. கசிவை அடைக்கும் பவுடரை முன்பு யாராவது ஊற்றியிருந்தால் அது முதலில் போய் உட்காரும் இடமும் கோருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள்தான்.

டேஷ்போர்டைக் கழற்றாமல் முடியாதா?

காரைப் பொறுத்தது. 1965-66 ஃபோர்டு மஸ்டாங்கில் ஏசி இல்லாவிட்டால், இன்ஜின் பக்கம் உள்ள நட்டுகளைக் கழற்றிவிட்டு ஹீட்டர் பெட்டியைக் காலடி வழியாக இறக்கிவிடலாம். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் பெட்டி இன்ஜின் அறையிலேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். கேபிளும் காற்றுக் குழாய்களும் உள்ளே டேஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பதால் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். முதலில் ஹீட்டரை வைத்துவிட்டுத்தான் அதைச் சுற்றிக் காரைக் கட்டினார்கள் என்று அதன் சொந்தக்காரர்களே கேலி செய்வார்கள். உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

எந்தக் காராக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு கேபிளையும் கழற்றும் முன் படம் எடுங்கள். கேபிள் உறை எந்த இடத்தில் கிளிப்பில் பிடித்திருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். அரை அங்குலம் நகர்ந்தாலும் தகடு முழுதாக மூடாது. கோரின் இரண்டு வாயிலும் கார்க் அடைத்த பிறகே பெட்டியை அசையுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கூலன்ட் கொட்டினால் கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள மெத்தை அதைக் குடித்துக்கொள்ளும். கிளைக்கால் எளிதில் காய்வதில்லை. மெத்தையை எடுத்து அலசாவிட்டால் தரைத் தகடு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. சில பழைய கார்களின் ஃபயர்வால் விரிப்பிலும் ஹீட்டர் பெட்டி ஓரங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பொடியாக உதிரும் பழைய விரிப்பைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ, காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது.

ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது. எப்படிக் கழற்றுவது?

முறுக்காதீர்கள். இந்தப் பாடத்துக்கு நான் ஒரு கோரையே விலையாகக் கொடுத்திருக்கிறேன். மாற்றத் தேவையே இல்லாத நல்ல கோர் அது. வெறும் ஹோஸ் மாற்றப் போனேன். பிளையரால் பிடித்து ஒரு திருகு திருகினேன். ஹோஸ் வரவில்லை, குழாய் வந்தது. அந்தக் குழாய் கோரின் ஓரத்திலுள்ள தொட்டியோடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. பக்கவாட்டு விசையைத் தாங்காது.

கூர்மையான பிளேடால் ஹோஸின் நீளவாக்கில் ஒரு கோடு கிழியுங்கள். முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டாம், பிளேடு பித்தளையில் தடம் போட்டால் பிறகு அந்தக் கோட்டின் வழியே கசியும். வெட்டிய இடத்தில் மழுங்கிய ஒன்றைச் செருகி, உறையைப் பிரிப்பது போல விரித்து உரித்துவிடுங்கள். ஹோஸ் வீண்தான், எப்படியும் புதியது போடப் போகிறோம். அமெரிக்கக் கார்களில் இரண்டு ஹோஸும் பெரும்பாலும் வெவ்வேறு அளவு, ⅝ அங்குலமும் ¾ அங்குலமும். ஒன்றை அளந்துவிட்டு இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

பழைய கோரைச் சரிசெய்வதா, புதிய அலுமினியம் வாங்குவதா?

தாமிரம்-பித்தளைக் கோர் என்றால், தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டுத் தரும் ரேடியேட்டர் கடைக்குத்தான் என் ஓட்டு. பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும். புதியது வாங்கினால் பழையதன் பக்கத்தில் வைத்து அகலம், தடிமன், குழாயின் கோணம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

எதுவானாலும் மாட்டும் முன் சோதியுங்கள். ஒரு வாயை அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி, காரின் ரேடியேட்டர் மூடி அளவுக்குக் காற்றைக் கொடுங்கள். குமிழி வரக்கூடாது. அப்புறம் கோரைச் சுற்றி ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்ட மறக்காதீர்கள். பழையது தொட்டாலே பொடியாகியிருக்கும். அது இல்லாவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், புதுக் கோர் போட்டும் சூடு வராது.

புது அலுமினியக் கோர் ஒரே வருடத்தில் ஓட்டையாகிவிட்டது. மட்டமான சரக்கா?

இருக்கலாம். ஆனால் அடுத்ததை வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ரேடியேட்டர் மூடி. 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) மூடிக்காக வடிவமைத்த காரில் கடையில் கிடைத்தது என்று 15 பிஎஸ்ஐ மூடியைப் போட்டிருக்கிறார்களா? அந்தக் கூடுதல் அழுத்தமே காரணமாக இருக்கலாம்.

இரண்டு, கூலன்ட் வழியாக ஓடும் மின்சாரம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்து (சில பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த்), மற்றதை ரேடியேட்டரின் உலோகத்தைத் தொடாமல் கூலன்டில் முக்குங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து விளக்கு, புளோயர் எல்லாவற்றையும் போடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. மின்சாரம் குறுக்கு வழியில் கூலன்ட் வழியாகத் திரும்பி அலுமினியத்தை அரிக்கிறது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில்தான் என் முதல் சந்தேகம்.

மாற்றிய பிறகு டேஷ்போர்டுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

காற்று மாட்டியிருக்கிறது. காரின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்துவிட்டால் காற்று சீக்கிரம் வெளியேறும்.

ஹோஸ் இரண்டையும் இணைத்துவிட்டு ஹீட்டரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

வீடு போய்ச் சேர, சரி. நிரந்தரமாக என்றால் கண்ணாடியில் படியும் பனியை விலக்க வழியிருக்காது. இணைப்பதாக இருந்தாலும் வளையமாகச் சேருங்கள், தனித்தனியாக அடைக்காதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றுவதே இந்த வழியாகத்தான்.

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். கோர் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் கூலன்டே கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறையில் சூடாகும் காற்றுதான் உள்ளே வருகிறது. உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்ஸைடும் கூடவே வரும், அதற்கு வாடை கிடையாது. ஹீட்டர் போட்டதும் தலை வலித்தால் கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை மூடி, வண்டியை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள். அந்த உறைகளைக் கழற்றிப் பார்க்கும் வரை ஹீட்டரைத் தொட வேண்டாம்.