கொண்டுபோய் விட்டால் போதுமா? அரிய விலங்குகளை இடம் மாற்றுவது பற்றிய கேள்வி பதில்

அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்களை வேறிடத்தில் குடியேற்றுவது பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மணிமேகலை: அக்கா, உயிரியல் பூங்காவில்தான் குட்டிகள் நிறையப் பிறக்கின்றனவே. அப்படியே காட்டில் விட்டால் என்ன?

பழக்காமல் விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரட்டைப் பாருங்கள். கீரி மாதிரி ஒல்லியான உடம்பு. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், 1981-ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கண்ணில் பட்டது. நோய் பரவியதால் மிஞ்சியிருந்த 18-ஐயும் பிடித்து வளர்த்து, 1991 முதல் திரும்ப விட்டார்கள். கூண்டிலேயே வளர்ந்ததை விட, மண் வளையும் உயிருள்ள இரையும் உள்ள திறந்தவெளி அடைப்பில் வளர்ந்ததுதான் அதிகம் பிழைத்தது. வளைக்குள் பதுங்கவும் இரையைக் கொல்லவும் அதற்குத் தெரிந்திருந்தது.

செந்தில்: திறந்துவிட்ட உடனே கண்காணாமல் ஓடிவிடாதா?

ஓடும். பல சமயம் பிறந்த இடத்தை நோக்கியே நடக்கும். 2009-ல் புலியே இல்லாமல் போன மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டுக்கு, பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியைக் கொண்டுவந்தார்கள். அது சில நாளிலேயே தெற்கே, வந்த திசையைப் பார்த்து நடையைக் கட்டியது. 400 கி.மீ.க்கு மேல் பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு அது அங்கேயே தங்கியது. 2010-ல் குட்டிகளும் பிறந்தன.

இதற்காகத்தான் புது இடத்திலேயே அடைப்பு போட்டுச் சில வாரம் வைத்திருப்பார்கள். 1995-ல் கனடாவிலிருந்து அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வந்த 14 ஓநாய்களை அப்படித்தான் சுமார் பத்து வாரம் வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் பாய்ந்து வெளியே போகும் என்று எல்லோரும் காத்திருக்க, அவை வாசல் பக்கமே வரவில்லை. மனிதர்கள் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு வந்த வழி அது. வேலியில் வேறொரு பக்கம் ஓட்டை வெட்டிக் கொடுத்த பிறகுதான் ஒரு கூட்டம் வெளியேறியது. நாம் வாசல் என்று நினைப்பது ஓநாய்க்கு ஆபத்தான இடம். இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபாத்திமா: கால்நடை மருத்துவம் படிக்கிறேன். வண்டியில் கொண்டுபோகும்போதுதான் இறப்பு அதிகமா?

மயக்க மருந்தும் பயணமும் ஆபத்துதான். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகும் கண்ணை எடுக்கக் கூடாது. 2018-ல் கென்யாவில் 11 கருப்புக் காண்டாமிருகங்களைச் சாவோ கிழக்குப் பூங்காவுக்கு மாற்றினார்கள். அங்கே தண்ணீரில் உப்பு அதிகம். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடி, நீர்ச்சத்து இழந்து ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. பிழைத்திருந்த கடைசி ஒன்றையும் சிங்கங்கள் தாக்கின. பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீரை முன்கூட்டியே முறையாகப் பரிசோதித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் மருத்துவம் படிப்பதால் இன்னொன்று. ஸ்பெயினின் மஜோர்கா தீவில் வாழும் மருத்துவச்சித் தேரைக்கு, தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை தொற்றியதே அதைக் காப்பாற்ற வளர்த்த இடத்திலிருந்துதான். தொற்றுப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் இரண்டிலும் சலுகை கூடாது.

அருள்: நாலைந்துதான் மிச்சம் என்றால் கைவிட்டுவிடலாமா?

கூடாது! நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருப்பு ராபின் என்று சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை. 1976-ல் எஞ்சிய ஏழு பறவைகளையும் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். 1980-ல் ஐந்துதான். அதில் குஞ்சு பொரிக்கக்கூடிய பெட்டை ஒன்றே ஒன்று. காலில் நீல வளையம் போட்டிருந்ததால் ‘ஓல்ட் புளூ’ என்று பேர். பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனின் குழு அதன் முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேறொரு பறவையின் கூட்டில் வைத்தது. முட்டை போனதும் ராபின் மறுபடி இட்டது. டாம்டிட்டிடம் வளரும் குஞ்சு தன்னையும் டாம்டிட் என்றே நினைத்துவிடும் என்பதால், பறக்கும் முன் ராபின் கூட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் அந்த ஒரு தாயின் வழி.

ஒரு பாடமும் உண்டு. சில பெட்டைகள் கூட்டின் விளிம்பில் முட்டையிட்டன. அவற்றை மனிதர்கள் உள்ளே தள்ளிக் காப்பாற்றினார்கள். அந்தக் குறை மரபில் இறங்கி, ஒரு கட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் அப்படி இட ஆரம்பித்தன. தள்ளிவைப்பதை நிறுத்தியதும் அது படிப்படியாகக் குறைந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது ரொம்பக் கஷ்டம். ஆனாலும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ரேவதி: இவ்வளவு செலவழித்தும் ஏன் சில முயற்சி தோற்கிறது?

முதலில் அழித்தது எதுவோ, அது அங்கேயே இருப்பதால். நீண்ட கொம்புள்ள மான் போன்ற அரேபிய ஓரிக்ஸ் 1972-ல் காட்டில் அற்றுப்போனது. வளர்த்தவற்றை 1982-ல் ஓமன் பாலைவனத்தில் விட்டார்கள். 1996-ல் 450 வரை பெருகியது. திரும்பவும் திருட்டு வேட்டை வந்தது. 65 ஆகச் சுருங்கியது. சரணாலயத்தின் பரப்பையும் 90 சதவீதம் வெட்டினார்கள். 2007-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே அந்த இடத்தை நீக்கியது. வேறு இடங்களில் நன்றாகக் காத்ததால் இனம் தப்பித்தது. விலங்கை ஏற்றுவதற்கு முன் துப்பாக்கியையும் கண்ணியையும் நிறுத்துங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஜோசப்: அழிந்தே போன இனத்துக்குப் பதில் வேறொன்றை விடலாமா?

மிகக் கவனமாக, விடலாம். மொரிஷியஸில் அற்றுப்போன ஆமைகளின் வேலையை அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகள் செய்கின்றன. கருங்காலிப் பழத்தைத் தின்று விதை பரப்புகின்றன.

குமரன்: சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால்?

அப்போது வண்டியைக் கிளப்பவே கூடாது. 2018-ல் ஒடிசாவின் சத்கோசியா காட்டுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து இரண்டு புலிகள் வந்தன. ஆண் புலி சில மாதத்தில் கண்ணியில் சிக்கிச் செத்தது. பெண் புலியால் மனித உயிர் போனதாக மக்கள் கொதித்தெழ, அதை அடைப்பில் வைத்து, கடைசியில் வந்த மாநிலத்துக்கே அனுப்பினார்கள். ஆடு மாடு போனால் எத்தனை நாளில் நஷ்டஈடு கைக்கு வரும், இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஊர்க்கூட்டத்தில் நேரான பதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், விலங்கு இருக்குமிடம் காட்டும் ரேடியோ காலரை (கழுத்துப் பட்டையை) எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.