குழந்தையின் மூளை இணைப்புகள் குறைவது நல்லதா, கெட்டதா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. குழந்தைகளின் மூளையில் உருவாகும் இணைப்புகளில் பெரும்பகுதி பிறகு அழிந்துபோகும் என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. படம் போட்ட அட்டை, ஆங்கில வீடியோ என்று இப்போதே பழக்கினால் அழியாமல் காப்பாற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
- வாசகி, தென்காசி

பதில்: படித்தது உண்மைதான் சகோதரி, ஆனால் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், வெவ்வேறு வயதில் இறந்துபோனவர்களின் மூளையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து இந்தச் சினாப்ஸ்களைப் பொறுமையாக எண்ணி, 1979-லிருந்து கணக்குகளை வெளியிட்டார். மூளையின் முன்பகுதியில் ஒன்று, இரண்டு வயதில் இருக்கும் அடர்த்தி பெரியவர்களைவிட சுமார் 50 சதவீதம் அதிகம், அப்புறம் 16 வயதுவரை மெல்ல மெல்லக் குறைகிறது. பார்வைக்கான பின்பகுதி இன்னும் அவசரக்காரன்: எட்டு மாதத்திலேயே உச்சம், 11 வயதுக்குள் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. இது நோய் இல்லை, நன்றாக இருக்கும் மூளையிலும் இப்படித்தான்.

கீரைப் பாத்தியில் விதையை அள்ளித் தூவுகிறோம், நெருக்கமாக முளைத்ததும் பாதியைப் பிடுங்கிவிடுகிறோம், மிச்சம் இருப்பது திடமாக வளர்கிறது. மூளை செய்வதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் எதைப் பிடுங்குவது என்று அங்கே முடிவு செய்ய ஆள் கிடையாது. எந்த இணைப்பு வழியாகச் செய்தி அடிக்கடி, சேர்ந்தாற்போலப் போகிறதோ அது பலப்படும். சும்மா கிடப்பது தளர்ந்துவிடும். நம் உடம்பில் கிருமிகளை அடையாளம் காட்டும் சில புரதங்களே வளரும் மூளையில் தளர்ந்த சினாப்ஸ்மேல் ஒட்டிக்கொள்கின்றன, மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்கள் வந்து அதை விழுங்கிவிடுகின்றன. எலிகளில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்.

குறைவதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். இந்தியில் வரும் இரண்டு ஒலிகளை, நம் 'பத்து', 'பட்டு' இரண்டிலும் நடுவில் வருகிறதே, அந்த மாதிரி வேறுபாட்டை, இந்தியையே கேட்டிராத ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் எளிதாகப் பிரித்தறிந்தார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் பெரும்பாலோருக்கு அது முடியவில்லை. சினாப்ஸை எண்ணிய ஆய்வு இல்லை இது, ஆனால் போக்கு அதேதான்: வீட்டில் பேசாத ஒலியைக் கைவிட்டு, பேசுகிற மொழியில் காது கூர்மையாகிறது. அந்தக் கூர்மை இல்லாமல் பேச்சு எப்படி வரும்?

அதனால் அட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. குளிப்பாட்டும்போது பேசுங்கள், அவன் 'ங்கா' என்றால் பதில் சொல்லுங்கள், மண்ணில் விளையாட விடுங்கள். வீடியோ இப்போது வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லியிருக்கிறது.

கேள்வி: மகளுக்கு 5 வயது. இடது கண் சோம்பேறிக் கண்ணாம், கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை மூடி பேட்ச் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டினால் அழுகிறாள். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். நல்ல கண்ணைப் போய் ஏன் மூட வேண்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்னது உங்களுக்குத்தான் உண்மையில் முக்கியம்.

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் பிறந்த முதல் மூன்று மாதம் தைத்து மூடிவைத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லாமலே போயிருந்தன, திறந்திருந்த கண் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடினாலும் இப்படி ஆகவில்லை. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. குட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் எத்தனையோ குழந்தைகளின் பார்வை அந்தச் சோதனையால் தப்பியிருக்கிறது.

உங்கள் மகளின் தலைக்குள்ளும் இதே போட்டிதான். மங்கலாகப் பார்க்கும் கண் மூளையில் தோற்றுக்கொண்டே வருகிறது, நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடினால்தான் அதற்கு வாய்ப்பு. வளர வளரப் பள்ளம் ஆழமாகுமே தவிர, தானாகச் சரியாகாது. 7 வயதுக்குள் செய்தால் பலன் அதிகம், அதைத் தாண்டியும் பல பிள்ளைகளுக்குப் பயன் உண்டு. நாள் முழுக்க மூடவும் தேவையில்லை: நடுத்தரக் குறைபாட்டுக்கு தினம் 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்குச் சமமான பலன் தந்ததை அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவளுக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேட்ச் முடியவே முடியாது என்றால் நல்ல கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து ஒத்துவருமா என்றும் கேளுங்கள். ஒட்டியிருக்கும் நேரத்தில் பூ கட்டுவது, மணி கோப்பது, வண்ணம் தீட்டுவது என்று கிட்டப் பார்க்கிற வேலை கொடுத்தால் அழுகை குறையும். மாமியாரையும் அடுத்தமுறை கூடவே கூட்டிப் போங்கள்.

கேள்வி: பேரன் பிறந்து மூன்று வாரம். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வலது கண்பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. கேமரா கோளாறு என்கிறான் மகன்.
- வாசகர், விருதுநகர்

பதில்: அச்சுக்குக் காத்திராமல் உங்களுக்கு உடனே தனியாக எழுதிவிட்டேன் ஐயா. மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். சில சமயம் ஃபிளாஷ் படும் கோணத்தாலும் இப்படித் தெரியும். ஆனால் பிறவிக் கண்புரையாகவோ, விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவோ இருக்கலாம், அதனால் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்தால் ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் அகற்றுவதே நல்லது, அதைத் தாண்டினால் அடுத்த கண் முந்திக்கொள்ளத் தொடங்கிவிடும். காலம் கடந்த பிள்ளைகளையும் கைவிட வேண்டியதில்லை. மூளை விஞ்ஞானி பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பல வருடம் பார்வையில்லாமல் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கூர்மை மட்டும் முழுதாகத் திரும்புவதில்லை. உங்கள் பேரனுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. குழந்தைகள் கண் மருத்துவரிடம் நாளைக் காலையிலேயே காட்டுங்கள், அந்தப் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.